கேக் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று முதலில் பாருங்கள்

டர்ன்டேபிளில், அதாவது கேக்கைச் சுழற்றும் வட்ட மேடையில் வைத்து பட்டர்கிரீம் தடவும்போது கேக் நகர்ந்துகொண்டே போகிறது, அடியில் ஈரத்துணி விரித்தும் நிற்கவில்லை, பக்கவாட்டை வழிக்கும்போது மேல் லேயர் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று தோன்றுகிறது. ஈரத்துணி நல்ல வழிதான். ஆனால் துணியை எதற்கு அடியில் விரித்தீர்களோ, அந்தப் பொருளை மட்டும்தான் அது பிடிக்கும். மேல் லேயர் நகர்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மேசையிலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். மேசை, அதன் மேல் டர்ன்டேபிள், அதன் மேல் கேக் போர்டு, போர்டின் மேல் அடி லேயர், அப்புறம் ஃபில்லிங்கோடு (இடையில் பரப்பும் ஜாம், கிரீம் போன்றவை) நடு லேயர், மறுபடி ஃபில்லிங்கோடு மேல் லேயர். ஒன்று இன்னொன்றைத் தொடும் இடமெல்லாம் வழுக்கக்கூடிய இடம். மூன்று லேயர் கேக்கில் அப்படி 5 இடங்கள் இருக்கின்றன. நான்கைக் கெட்டியாகப் பிடித்துவிட்டு ஒன்றை விட்டுவிட்டால், ஸ்கிரேப்பர் (கிரீமை வழித்து மட்டமாக்கும் தட்டையான தகடு) கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்த ஒன்றில் போய் இறங்கும். பலரும் அடியில் மேட் மேல் மேட்டாகப் போட்டுப் பார்த்துச் சலித்துப்போவது இதனால்தான்.

கிரீமைத் தொடுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். லேயர்களை அடுக்கி முடித்ததும் டர்ன்டேபிளை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கை விரலால் போர்டின் விளிம்பைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். போர்டு நகர்ந்தால் கோளாறு அங்கே. போர்டு நின்றுவிட்டால் அடி லேயரை உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள், பிறகு அடுத்த லேயரை. ஸ்கிரேப்பர் எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு தள்ளினால் போதும். எங்கே அசைகிறதோ அங்கேயே நிறுத்திச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள். கிரீம் பூசிய பிறகு இதே வேலையைச் செய்வது பல மடங்கு கஷ்டம்.

மேசைக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவே உள்ளதைச் சரிசெய்வது சுலபம். அலமாரித் தட்டில் விரிக்கிற, ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்பு ஒரு துண்டு போதும். அது இல்லையென்றால் நன்றாகப் பிழிந்த துணி. பிழிந்த துணி என்பதில் கவனமாக இருங்கள். தண்ணீர் சொட்டும் துணியின் மேல் பிளாஸ்டிக் அடிப்பாகம் இன்னும் சுலபமாக வழுக்கும். துணியில் மடிப்பு இருந்தால் டர்ன்டேபிள் சாய்ந்து உட்காரும், சாய்ந்த டர்ன்டேபிளில் சுற்றும் கேக்குக்கு எவ்வளவு வழித்தாலும் மட்டம் கிடைக்காது. எடை குறைந்த பிளாஸ்டிக் டர்ன்டேபிளை விட, கனமான உலோக அடிப்பாகம் உள்ளது நிச்சயமாக நன்றாக நிற்கும். அடிக்கடி கேக் செய்கிறவர் ஒரே ஒரு கருவிக்குச் செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யலாம் என்பேன்.

டர்ன்டேபிளுக்கும் போர்டுக்கும் நடுவே அதே ரப்பர் விரிப்பில் இன்னொரு துண்டை வெட்டிப் போடுங்கள். அது போர்டை விடச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்கிரேப்பரின் நுனி அதில் தட்டும், கிரீமும் ஒட்டும். போர்டு வெறும் அட்டையாக இருந்தால் அடியில் ஈரத்துணி வேண்டாம். அட்டை ஈரத்தை உறிஞ்சி நைந்துபோகும். மேலே தாள் ஒட்டிப் பளபளப்பாக இருக்கும் போர்டுக்கு ஈரமான டிஷ்யூ பேப்பர் கூடப் பிடிப்புக் கொடுக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கைத் திரும்ப டர்ன்டேபிளில் வைக்கும்போது போர்டின் அடிப்பக்கத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து நீர்த்துளிகளாக நிற்கும். முதல் சுற்றில் உறுதியாக நின்ற போர்டு இரண்டாவது சுற்றில் வழுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம், பலரும் கவனிப்பதில்லை.

போர்டின் கனமும் முக்கியம். மெல்லிய அட்டை, கேக்கைத் தூக்கும்போது நடுவில் வளையும். அது வளைந்தால் மேலே உள்ள லேயர்களும் வளையும், கிரீமில் கோடுகோடாக விரிசல் விடும். கேக் நகராவிட்டாலும் நகர்ந்தது போலவே வேலை கெட்டுப்போகும். கனமான போர்டு, அதாவது டிரம் என்கிறோமே, அது சுமார் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், வளையாது. அது கைவசம் இல்லையென்றால் மெல்லிய அட்டைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். கேக்கை விட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது ஒவ்வொரு பக்கமும் போர்டு வெளியே தெரிந்தால் இன்னொரு வசதி உண்டு. ஸ்கிரேப்பரின் அடியைப் போர்டின் மேல் ஊன்றிக்கொள்ளலாம். ஊன்றிய ஸ்கிரேப்பர் செங்குத்தாக நிற்கும், கை ஆடாது, கேக்கின் மேல் வரும் அழுத்தமும் குறையும்.

அடுத்தது போர்டுக்கும் அடி லேயருக்கும் நடுவே. போர்டின் நடுவில் ஒரு கரண்டி பட்டர்கிரீமை வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லியதாகத் தடவி, அதன் மேல் லேயரை வைத்து அழுத்துங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒட்டவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். கிரீமை அதிகமாக வைத்திருப்பீர்கள். தடிமனான கிரீம் ஒட்டாது, அதுவே வழுக்கும் பரப்பாகிவிடும். அல்லது கேக்கின் அடியில் உதிரித் தூள் இருக்கும். கிரீம் அந்தத் தூளில் ஒட்டுமே தவிர கேக்கில் ஒட்டாது, ஆகவே வைப்பதற்கு முன் தூளை ஒரு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மூன்றாவது, பேக் செய்யும்போது டின்னில் போட்ட பட்டர் பேப்பர் அடியில் அப்படியே இருக்கும். ஒட்டிய பிறகு 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அந்தக் கிரீம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். விப்பிங் கிரீமுக்கு இப்படி ஒட்டும் பலம் கிடையாது. கேக் முழுவதும் விப்பிங் கிரீம்தான் என்றாலும், போர்டில் ஒட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் உருக்கிய சாக்லேட்டையோ பட்டர்கிரீமையோ பயன்படுத்துங்கள். வண்டியில் தூரமாகக் கொண்டுபோக வேண்டிய கேக் என்றால் உருக்கிய சாக்லேட்தான் நல்லது, அது இறுகினால் அசையாது.

கேக்கை டர்ன்டேபிளின் நடு மையத்தில் வைப்பதை அலங்காரத்துக்கான நுணுக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நான் அதை வழுக்கலோடுதான் சேர்ப்பேன். கேக் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் ஸ்கிரேப்பரை முட்டித் தள்ளும், எதிர்ப்பக்கம் அதைத் தொடாமல் விலகிப்போகும். முட்டும் பக்கத்தில் கேக் உள்நோக்கித் தள்ளப்படுகிறது. பத்துச் சுற்றுச் சுற்றினால் பத்துமுறை அதே இடத்தில் இடி. மையம் பார்க்க ஒரு விரலைக் கேக்கின் ஓரத்துக்கு அருகே அசையாமல் நீட்டிவைத்து டர்ன்டேபிளைச் சுற்றுங்கள். விரலுக்கும் கேக்குக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால், இடைவெளி குறுகும் பக்கத்திலிருந்து போர்டை எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறையில் சரியாகிவிடும்.

இனி லேயர்களுக்கு வருவோம், உங்கள் கோளாறின் பெரிய பாதி இங்கேதான் இருக்கிறது. லேயர் மேடாக இருந்தால் அதன் மேல் உட்காரும் லேயர் நடுவில் மட்டும்தான் தொடும், ஓரங்கள் தொங்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழும்பும். அந்த மேட்டை ரம்பப்பல் கத்தியால் சீவி மட்டமாக்கிவிடுங்கள். கேக் நன்றாக ஆறியிருக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. சூடான கேக்கைச் சீவினால் பிய்யும், அதன் சூட்டில் உள்ளே தடவும் கிரீமும் உருகும். மேல் லேயரை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். டின்னின் அடியைத் தொட்டிருந்த பக்கம் மட்டமாகவும் தூள் உதிராமலும் இருக்கும். ஒவ்வொரு லேயரை வைத்த பிறகும் குனிந்து, கண்ணைக் கேக்கின் உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் சாய்வு தெரியாது.

ஃபில்லிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜாம், பழக்கூழ், எலுமிச்சைக் கர்ட், கஸ்டர்ட், காரமல் எல்லாமே வழவழப்பானவை. இரண்டு லேயருக்கு நடுவே இவற்றை நேரடியாகப் பரப்பினால் மேல் லேயருக்குப் பிடிமானமே இருக்காது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே போய்விடும், மேலிருந்து அழுத்தினால் ஃபில்லிங் ஓரத்தில் பிதுங்கி வரும். பிதுங்கியது வெளிக் கிரீமில் கலந்து அதையும் ஒட்டவிடாமல் செய்யும். இதற்கு வழி, விளிம்பைச் சுற்றி வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோலக் கெட்டியான பட்டர்கிரீமைப் பைப்பிங் பையால் ஒரு வளையமாகப் பிழிந்துவிடுவதுதான். வெளி ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை உள்ளே தள்ளிப் பிழியுங்கள், அடுத்த லேயரை அழுத்தும்போது அது விரிவதற்கு இடம் வேண்டும். உள்ளே போடும் ஃபில்லிங் அந்த வரப்பின் உயரத்தைத் தாண்டவே கூடாது, கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். அப்போதுதான் மேல் லேயர் வரப்பின் மேல் உட்காரும். ஃபில்லிங் உயரமாகிவிட்டால் லேயர் அதன் மேல் மிதக்கும், வரப்புப் போட்டதே வீண்.

வரப்புக்கான கிரீம், வெளியே தடவுகிற கிரீமை விடக் கெட்டியாக இருக்க வேண்டும். அதே கிரீமிலிருந்து கொஞ்சம் தனியாக எடுத்து ஐசிங் சர்க்கரை சேர்த்தால் கெட்டியாகிவிடும். வரப்பைப் பிழிந்ததும் 10 நிமிடம் குளிரவைத்து, அப்புறம் ஃபில்லிங் போட்டால் இன்னும் உறுதி. ஜாமாக இருந்தால் வரப்புக்கு உள்ளேயும் கேக்கின் மேல் முதலில் ஒரு மெல்லிய கிரீம் பூச்சுக் கொடுத்து அதன் மேல் பரப்புங்கள். ஜாமின் ஈரம் கேக்குக்குள் இறங்கி அதைக் குழைத்துவிடாது. நறுக்கிய பழம் போடுவதானால் துண்டுகள் ஒரே கனத்தில் இருக்கட்டும், நீரை வடித்துத் துடைத்துவிடுங்கள். நடுவில் ஒரு பெரிய துண்டு இருந்தாலே மேல் லேயர் அதன் மேல் ஆடும்.

சர்க்கரைப் பாகு தெளிப்பதிலும் அளவு வேண்டும். பாகு அதிகமானால் ஸ்பாஞ்ச் தன் பலத்தை இழந்து மேல் எடைக்கு அமுங்கும், எந்தப் பக்கம் அதிகமாக ஊறியதோ அந்தப் பக்கம் அதிகமாக அமுங்கும். கேக் அந்தப் பக்கமாகச் சாயும். வழுக்கவே இல்லாமல் சாயும் கேக்குகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லேயர்களை அடுக்கிய உடனே வெளிக் கிரீம் பூசத் தொடங்காதீர்கள். அடுக்கிய கேக், தன் எடையிலேயே கொஞ்சம் கீழிறங்கும். ஃபில்லிங் பரவும், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். இதெல்லாம் கிரீம் பூசிய பிறகு நடந்தால் பக்கவாட்டில் ஒரு வளையம் புடைத்துக்கொண்டு வரும். அடுக்கி முடித்ததும் மேலே ஒரு தட்டையான போர்டை வைத்து, உள்ளங்கையால் சமமாக அழுத்தி, கேக்கைச் சுற்றி இறுக்கமாக பிளாஸ்டிக் தாள் சுற்றி, சில மணி நேரமாவது ஃபிரிட்ஜில் விடுங்கள். முந்தின நாள் இரவே அடுக்கி வைத்துவிடுவது இன்னும் நல்லது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நகரும் கேக், சாயும் கேக், புடைக்கும் கேக் மூன்றுமே பாதியாகக் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன்.

குளிர்ச்சிதான் இந்த வேலையில் இருக்கும் சிறந்த பிடிமானம், அது ஏன் என்று தெரிந்துகொண்டால் பயன்படுத்துவது சுலபம். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி திடமாக இருக்கும். 20 டிகிரியைத் தாண்டும்போது நன்றாக இளகத் தொடங்கி, 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். ஆக, லேயர்களுக்கு நடுவே நீங்கள் தடவியிருக்கும் பட்டர்கிரீம், குளிரில் பசையாகவும் வெப்பத்தில் எண்ணெயாகவும் வேலை செய்கிறது. ஒரே கிரீம், ஒரே கேக், காலையில் நிற்கும், மதிய வெயிலில் நகரும். அறை சூடாக இருக்கும் நாளில் ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று போராடாதீர்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பூசி, ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்து, மறுபடி பூசுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பைப்பிங் பையையும் அதன் நுனியில் மாட்டும் நாசிலையும் தயார் செய்துகொள்ளலாம்.

அதற்காக ஃப்ரீசரில் கல்போல உறையவைத்து எடுத்துப் பூசவும் வேண்டாம். உறைந்த கேக்கில் பட்ட உடனே பட்டர்கிரீம் இறுகிவிடும், வழிக்க நேரம் கிடைக்காது. பிறகு உள்ளே குளிர் விட்டு இளகும்போது காற்று விரிந்து கிரீமில் கொப்புளம் கிளம்பும், மேலே நீர் முத்துப்போல் படியும். அவசரமென்றால் 10 முதல் 15 நிமிடம் ஃப்ரீசர், அவ்வளவுதான்.

முதல் பூச்சான க்ரம்ப் கோட் உதிரித் தூளை அடக்குவதற்கு என்றுதான் சொல்வார்கள். அது லேயர்களை வெளியிலிருந்து சேர்த்துக் கட்டும் வேலையையும் செய்கிறது. மெல்லியதாக, உள்ளே கேக் தெரியும் அளவுக்குத்தான் பூச வேண்டும். லேயர்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளை மட்டும் நன்றாக அடையுங்கள். அப்புறம் 20 முதல் 30 நிமிடம் குளிரவிடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அழுத்தினால் பதியக் கூடாது. அந்த நிலைக்கு வந்த கேக் ஒரே கட்டியாக இருக்கும். கடைசிப் பூச்சை அதன் மேல் எவ்வளவு தைரியமாக வழித்தாலும் லேயர்கள் தனித்தனியாக நகராது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மேல் லேயர் நகர்ந்தே தீரும் என்று தோன்றும் கேக்கில், அதாவது வழவழப்பான ஃபில்லிங், உயரமான அடுக்கு, சூடான அறை என்று மூன்றும் சேர்ந்து வரும்போது, க்ரம்ப் கோட் போடுவதற்கு முன் மூன்று நீளமான மரக்குச்சிகளை மேலிருந்து அடிவரை செங்குத்தாகச் செருகிவிடுங்கள். ஒன்றே ஒன்றை நடுவில் செருகினால் லேயர் விலகாது, ஆனால் அந்தக் குச்சியைச் சுற்றித் திருகிக்கொள்ளும். முக்கோணமாக மூன்று இருந்தால் திருகவும் முடியாது. குளிர்ந்து இறுகியதும் உருவிவிட்டு, மேலே உள்ள ஓட்டையைக் கடைசிப் பூச்சில் மூடிவிடலாம். உருவாமல் விடுவதென்றால் மேல் பரப்புக்குச் சற்றுக் கீழே வெட்டிவிடுங்கள்.

இப்போது கை. கேக்கை நகர்த்துவது நம் கைதான், மேலே சொன்னதெல்லாம் அந்தக் கையைத் தாங்குவதற்கான ஏற்பாடு. கை கொடுக்கும் தள்ளலையே குறைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் சுலபம். முதலில் கிரீமின் பதம். கெட்டியான கிரீம் ஸ்பாட்டுலாவோடு சேர்ந்து கேக்கையும் இழுக்கும். ஸ்பாட்டுலாவால் ஒரு கோடு இழுத்தால் கிரீம் கிழியாமல், ஓரத்தில் சொரசொரப்பு இல்லாமல் பின்தொடர வேண்டும், தூக்கிப் பிடித்தால் வழிந்துவிடவும் கூடாது. கிழிகிறது என்றால் ஒரு தேக்கரண்டி பால் சேர்த்துக் கலக்குங்கள், அல்லது கொஞ்ச நேரம் அறை வெப்பத்தில் விட்டு மறுபடி அடியுங்கள்.

அடுத்து அளவு. கொஞ்சமாக வைத்து இழுத்து இழுத்துப் பூசும்போதுதான் ஸ்பாட்டுலா நேரடியாகக் கேக்கில் உரசும். தேவைக்கு மேலேயே தாராளமாக வைத்துவிட்டு, அதிகமானதை வழித்து எடுப்பதுதான் சரி. அப்போது ஸ்பாட்டுலா கிரீமின் மேல் மட்டுமே ஓடும், கேக்குக்கு அழுத்தம் போகாது. பக்கவாட்டில் ஸ்பாட்டுலாவால் குத்திக் குத்தி அப்புவதற்குப் பதில், பெரிய நாசில் போட்ட பையால் சுற்றிச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பிழிந்துவிட்டால் தள்ளலே இல்லாமல் கிரீம் போய்ச் சேர்ந்துவிடும். நகரும் கேக்கோடு அவதிப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

மேல் பரப்பை முதலில் மட்டம் செய்யுங்கள், அப்புறம் பக்கவாட்டு. மேலே வைக்கும் அழுத்தம் கீழ்நோக்கிப் போவதால் அது லேயர்களை இன்னும் உட்காரவைக்கும். பக்கவாட்டை வழிக்கும்போது ஸ்கிரேப்பரைக் கேக்கின் பரப்போடு 30 முதல் 45 டிகிரி சாய்வில், கிரீமின் மேல் தடவிச் செல்லும்படி பிடியுங்கள். நேருக்கு நேராக நிறுத்தினால் அது கிரீமைச் சுரண்டி எடுக்கும், கேக்கையும் தள்ளும். ஸ்கிரேப்பர் பிடித்த கை ஒரே இடத்தில் நிற்கட்டும், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் நடுங்காது. சுற்றுவதெல்லாம் டர்ன்டேபிளும் மற்ற கையும்தான். ஒரே வேகத்தில், நிறுத்தாமல், ஒரு முழுச் சுற்று. பாதியில் நிறுத்தி ஸ்கிரேப்பரை நேராகப் பிய்த்து எடுத்தால் அந்த இடத்தில் கேக் வெளிப்பக்கம் இழுபடும். சுற்று முடியும்போது ஸ்கிரேப்பரை மெல்லத் திருப்பி விலக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அதைத் துடைத்துவிடுங்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் உலோக ஸ்கிரேப்பரை வெந்நீரில் நனைத்து நன்றாகத் துடைத்துப் பிடித்தால், அழுத்தமே தேவைப்படாமல் பரப்பு வழவழப்பாகும்.

விப்பிங் கிரீம் என்றால் இன்னும் இலேசான கை வேண்டும். பால் கிரீமில் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால்தான் அது நிற்கும், நின்றாலும் லேயர்களைப் பிடித்துக்கொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. தாவரக் கொழுப்பில் செய்த விப் டாப்பிங் சற்று அதிக நேரம் தாங்கும். எதுவானாலும் கிரீம், பாத்திரம், கேக் மூன்றும் குளிர்ந்திருக்கட்டும், திரும்பத் திரும்ப வழிக்காதீர்கள். அதிகம் தேய்த்தால் திரிந்தது போலாகிவிடும். இதற்கு நேர் எதிர் கனாஷ். எடையில் 2 பங்கு டார்க் சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம் என்று செய்தால் அறை வெப்பத்திலேயே இறுகி ஓடுபோல நிற்கும். வெள்ளைச் சாக்லேட் என்றால் 1 பங்கு கிரீமுக்கு 3 பங்கு சாக்லேட் வேண்டும். ஃபாண்டன்ட், அதாவது மாவுபோல் தேய்த்து விரிக்கும் சர்க்கரைப் போர்வை, போர்த்தப் போகிறீர்கள் என்றால் அடியில் கனாஷ்தான் என் தேர்வு. ஃபாண்டன்ட் கனமானது, மென்மையான கிரீமை அது இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

அலங்காரத்தில் கேக் நகரும் சந்தர்ப்பங்கள் குறைவு. பைப்பிங் செய்யும்போது நாசில் கேக்கைத் தொட வேண்டியதே இல்லை, சற்று மேலே நிறுத்திப் பிழிந்தால் போதும். ஆனால் பக்கவாட்டில் வேலைப்பாடு செய்யக் கேக்கைச் சாய்க்கும் டர்ன்டேபிள் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். சாய்த்த நிலையில் போர்டின் பிடிப்பு மட்டும் போதாது, ஒவ்வொரு லேயரும் தன் எடையால் கீழ்நோக்கி இழுக்கும். கேக் முழுவதும் குளிர்ந்து இறுகியிருந்தால் மட்டும், அதுவும் கொஞ்சமாகச் சாய்த்து, சில நிமிடங்களுக்கு மட்டும் செய்யுங்கள். மேலே கனமான பொம்மையோ பூக்கொத்தோ வைப்பதானால் அதைக் கிரீமின் மேல் அப்படியே உட்காரவைக்காமல், அடியில் குச்சி கொடுத்துக் கேக்குக்குள் இறக்குங்கள்.

ஒரே அகலத்தில் உயரமாக அடுக்குவதானால், 10 முதல் 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகும்போது நடுவில் ஒரு போர்டும் அதைத் தாங்கும் குச்சிகளும் வேண்டும். கேக்கின் மேல் இன்னொரு சிறிய கேக்கை ஏற்றினாலும் இதேதான். மேல் கேக் 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் 4 குச்சிகள், அதன் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே. எல்லாமே ஒரே நீளத்தில் வெட்டியிருக்க வேண்டும். ஒன்று கட்டையாக இருந்தால் மேல் கேக் அந்தப் பக்கம் சாயும், கிரீமால் அதைச் சரிக்கட்ட முடியாது.

இவ்வளவும் செய்து, வேலையின் நடுவில் மேல் லேயர் நகரத் தொடங்கிவிட்டால், உடனே ஸ்கிரேப்பரைக் கீழே வையுங்கள். மேற்கொண்டு கிரீம் அப்பிச் சாய்வை மறைக்கப் பார்த்தால் எடை கூடும், இன்னும் சாயும். கிரீம் இளகியிருக்கும் அந்த நிலையிலேயே இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக வைத்து லேயரைத் தன் இடத்துக்குத் தள்ளி, மேலே சொன்ன மூன்று குச்சிகளைச் செருகி, அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதலில் குளிரவைத்துவிட்டுப் பிறகு தள்ளினால் சாய்ந்த நிலையிலேயே இறுகிவிட்டிருக்கும், தள்ளும்போது கேக் பிளக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு எடுத்து, புடைத்திருக்கும் கிரீமைக் கத்தியால் சீவிவிட்டு, குழிந்த பக்கத்தை நிரப்பி, க்ரம்ப் கோட்டிலிருந்து தொடருங்கள். பிதுங்கிய ஃபில்லிங் கலந்த கிரீமைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், அது ஒட்டாது. கேக்குக்குள் குச்சிகள் இருக்கின்றன என்றால் எத்தனை, எந்த இடத்தில் என்று வெட்டப்போகிறவரிடம் சொல்லிவிடுங்கள், அல்லது போர்டின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் சாப்பிடும் கேக் என்றால், துண்டு போடும்போதே அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பரிமாறச் சொல்லுங்கள்.